டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பார்ட்டிக்காக, அதாவது குழுவுக்காக, பேசும் கேரக்டரை எப்படி அமைப்பது? கரிஸ்மாவை (ஆளைக் கவரும் திறன்) ஏற்றினால் போதாதா?

போதாது. அப்படிச் சொல்பவர்கள் பாதிக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள். கேள்வி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேஜைக் கதையாட்டத்தின் 5ஆம் பதிப்பைப் பற்றியது என்பதால் 2014 விதிகளை வைத்தே சொல்கிறேன். மற்றவர்கள் எல்லாரும் வாளும் கோடரியுமாக எடுத்து முடித்தபின், "பேச ஒரு ஆள் வேண்டுமே" என்று மிச்சமிருந்த வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கும். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். நாலு பேர் முன்னால் எனக்கே பேச வராதே, என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன்.

முதலில் எண்கள். ஹாஃப்-எல்ஃப் (பாதி எல்ஃப் இனம்) பார்டு (பாடகர் கிளாஸ், அதாவது தொழில் வகை) எடுங்கள். பாயின்ட் பை, அதாவது புள்ளி கொடுத்துத் திறன்களை வாங்கும் முறையில், 27 புள்ளி கிடைக்கும். கரிஸ்மா 15க்கு 9, டெக்ஸ்டெரிட்டி (லாவகம்) 14க்கு 7, கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 13க்கு 5, விஸ்டம் 13க்கு 5, இன்டெலிஜென்ஸ் 9க்கு 1, ஸ்ட்ரெங்த் 8க்கு ஒன்றுமில்லை. மொத்தம் 27. ஹாஃப்-எல்ஃபின் +2 கரிஸ்மாவுக்குப் போனால் 17. மீதி இரண்டு +1 கான்ஸ்டிடியூஷனுக்கும் விஸ்டமுக்கும் போய் இரண்டும் 14 ஆகும். இரட்டைப்படை எண்ணில்தான் போனஸ் ஏறும், 17 ஒற்றைப்படையாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். 4ஆம் லெவலில் ஆக்டர் ஃபீட் (கூடுதல் சிறப்புத் திறமை) எடுத்தால் அதோடு ஒரு கரிஸ்மா புள்ளியும் வந்து 18 ஆகிவிடும்.

அடுத்து ஸ்கில், அதாவது பயிற்சி பெற்ற திறமைகள். பார்டுக்கு எந்த ஸ்கில் வேண்டுமானாலும் மூன்று, ஹாஃப்-எல்ஃபுக்கு இரண்டு, பேக்ரவுண்டில் (கேரக்டரின் முன்கதை) இரண்டு. நோபிள் பேக்ரவுண்ட் எடுத்தால் பெர்சுவேஷனும் (பேசி இணங்கவைப்பது) ஹிஸ்டரியும் அங்கேயே வந்துவிடும். மீதி ஐந்துக்கு டிசெப்ஷன் (ஏமாற்றுவது), இன்சைட் (ஆளின் மனதைப் படிப்பது), பெர்செப்ஷன், இன்வெஸ்டிகேஷன், ஸ்டெல்த். பெர்ஃபார்மன்ஸைப் பலரும் ஆசைப்பட்டு எடுப்பார்கள். அது கூட்டத்தை மகிழ்விக்க. பேரம் பேச உதவாது. இன்டிமிடேஷனையும் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) ஒப்புக்கொண்டால் அதை ஸ்ட்ரெங்த் வைத்தும் உருட்டலாம், விதிப் புத்தகத்திலேயே அந்த மாற்று இருக்கிறது. மிரட்டும் வேலையை உங்கள் பார்பேரியனிடம் கொடுங்கள்; அவரும் பேச்சில் கலந்துகொள்வார்.

3ஆம் லெவலில் பார்டின் உட்பிரிவாகக் காலேஜ் ஆஃப் எலக்வன்ஸ் எடுங்கள். பெர்சுவேஷனிலும் டிசெப்ஷனிலும் 20 முகப் பகடையில் 9 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் 10 என்றே எடுத்துக்கொள்ளலாம். அதே லெவலில் எக்ஸ்பர்டீஸும் வருகிறது: இரண்டு ஸ்கில்லுக்கு ப்ரொஃபிஷியன்சி, அதாவது பயிற்சி போனஸ், இரட்டிப்பாகும். பெர்சுவேஷனுக்கு ஒன்று, இன்சைட்டுக்கு ஒன்று போடுங்கள். இப்போது கரிஸ்மா போனஸையும் இரட்டித்த ப்ரொஃபிஷியன்சியையும் கூட்டிக் கணக்கைப் பாருங்கள்: 3ஆம் லெவலில் பெர்சுவேஷன் +7, குறைந்தபட்சம் 17. 4இல் +8, குறைந்தபட்சம் 18. 5இல் +10, எவ்வளவு மோசமாக உருட்டினாலும் 20.

வார்லாக், பாலடின், சோர்சரர் என்று வேறு கிளாஸ்களும் உண்டு. வார்லாக் ரசிகர்கள் கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன்: மாஸ்க் ஆஃப் மெனி ஃபேசஸ் எடுத்து ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) செலவில்லாமல் நினைத்தபோது வேஷம் மாற்றுவது அருமையான விஷயம்தான், மறுக்கவில்லை. பாலடினும் பேசலாம், ஆனால் கிளாஸ் தரும் ஸ்கில் இரண்டே இரண்டு. சோர்சரரின் சட்டில் ஸ்பெல் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இனிதான் விஷயமே. டிஎம்முக்கான கையேட்டில் எதிராளியின் மனநிலையை நட்பு, அலட்சியம், பகை என்று மூன்றாகப் பிரித்து இலக்கு எண் (உருட்டல் தொட வேண்டிய அளவு) கொடுத்திருக்கிறார்கள். அதில் உச்சமே 20தான். டிஎம் அந்த அட்டவணையைப் பின்பற்றினால் 5ஆம் லெவலுக்குப் பிறகு பகடை உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. பிரச்சினை, 20 எடுத்தாலும் என்ன கிடைக்கும் என்பது. பகையாளி 20க்குக்கூடத் தனக்கு ஆபத்தில்லாத உதவியைத்தான் செய்வான். அலட்சியமாக இருப்பவன் சின்ன ஆபத்து வரை இறங்கிவருவான். நண்பன்தான் பெரிய இழப்புக்கும் துணிவான். அதனால் என்ன கேட்கிறோம் என்பதிலும், கேட்பதற்கு முன் அந்த ஆளை ஒரு படி ஏற்றிவிட்டோமா என்பதிலும்தான் முழு வேலையும் இருக்கிறது.

கோட்டை வாசலில் ஒரு காவலன், அலட்சியமானவன். "காவலரே, எங்களை உள்ளே விடுங்கள்" என்றால் அவன் வேலைக்கு ஆபத்து, இலக்கு 20. "உங்கள் தலைவரிடம் ஒரு சேதி மட்டும் சொல்லி அனுப்புங்கள், நாங்கள் இங்கேயே நிற்கிறோம்" என்றால் அவனுக்கு ஒரு இழப்பும் இல்லை, இலக்கு 10. இரண்டும் ஒரே கதவுதான். 1ஆம் லெவலில்கூட இரண்டாவது வழி நடக்கும்.

படி ஏற்றுவதற்குத்தான் இன்சைட். கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்துவிட்டு, "இவர் எதை மதிக்கிறார், எதற்குப் பயப்படுகிறார்?" என்று டிஎம்மிடம் இன்சைட் கேளுங்கள். அந்த ஆளின் லட்சியத்தையோ பிணைப்பையோ பலவீனத்தையோ தொட்டுப் பேசினால் மனநிலை ஒரு படி மாறலாம் என்று அதே கையேடு சொல்கிறது. 10 அல்லது அதற்கு மேல் வித்தியாசத்தில் தோற்றால் ஆளைத் தப்பாகவே எடைபோட்டுவிடலாம். விஸ்டம் 14ம் எக்ஸ்பர்டீஸும் அங்கே போனதற்குக் காரணம் அதுதான். டிசெப்ஷனுக்குப் போட்டிருக்கலாமே என்பார்கள். அதற்குக் குறைந்தபட்ச 10 ஏற்கெனவே இருக்கிறது, இன்சைட்டுக்கு இல்லை.

ஸ்பெல்லில்தான் பலரும் மாட்டிக்கொள்வது. ஃப்ரெண்ட்ஸ் கேன்ட்ரிப் (ஸ்லாட் வேண்டாத சின்ன மந்திரம்) ஒரு நிமிஷம்தான் தாங்கும், முடிந்ததும் மாயம் நடந்தது எதிராளிக்குத் தெரிந்து பகையாகிவிடுவான். திரும்பப் பார்க்கவே போகாத ஆளிடம் மட்டும் போடுங்கள். சார்ம் பெர்சன் ஒரு மணி நேரம், அதுவும் முடிந்ததும் தெரிந்துவிடும். கடைக்காரர் முன்னால் மந்திரம் முணுமுணுத்து, கையை ஆட்டிவிட்டு "தள்ளுபடி உண்டா" என்றால் யார் நம்புவார்கள்? சத்தமும் சைகையும் இல்லாமல் போடச் சோர்சரரின் சட்டில் ஸ்பெல் வேண்டும். பார்டுக்கு நல்லது என்ஹான்ஸ் எபிலிட்டி: அறைக்கு வெளியிலேயே போட்டுக்கொண்டு உள்ளே போகலாம், ஒரு மணி நேரம் கரிஸ்மா செக்கெல்லாம் அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது). 4ஆம் லெவலில் இலக்கு 20க்கு 45 சதவீதமாக இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 70 ஆகும். ஆனால் அதற்குக் கான்சன்ட்ரேஷன் (ஒரு நேரத்தில் ஒரே மந்திரத்தில் கவனம்) வேண்டும், கூடவே டிடெக்ட் தாட்ஸ் (எண்ணத்தைப் படிக்கும் மந்திரம்) ஓடாது. மொழிக்கு காம்ப்ரிஹெண்ட் லாங்குவேஜஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எலக்வன்ஸ் பார்டு 6ஆம் லெவலில் பேசுவது அவர் தேர்ந்தெடுக்கும் சிலருக்கு எந்த மொழிக்காரரானாலும் புரியும், அவர்கள் பேசுவது உங்களுக்குப் புரியாது.

பேச வராது என்றீர்களே, வசனம் பேசித்தான் ஆக வேண்டும் என்று விதி இல்லை. "அவர் மகனைப் பற்றி மரியாதையாக விசாரித்துவிட்டு, பாதி விலையை முன்பணமாகத் தருவதாகச் சொல்கிறேன்" என்று விவரித்தால் போதும். ஒரு துண்டுச் சீட்டில் என்ன வேண்டும், என்ன கொடுப்போம், எதைச் சொல்லவே கூடாது என்று மூன்று வரி எழுதி வைத்துக்கொண்டால் வாய் குழறாது. அந்த மூன்றாவது வரியைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் காட்டுங்கள். உளறிக் கொட்டுவது எப்போதும் அவர்கள்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்தாவது செஷனிலும் "எனக்கு ப்ரொஃபிஷியன்சி எவ்வளவு? எதோடு கூட்டணும்?" என்று கேட்கும் ஆட்டக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களை என்ன செய்வது? தாளின் மேல்பக்கத்தில் ஏழு ஸ்கில்லின் கூட்டிய எண்ணை எழுத என்ன கேடு? பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் இரண்டு நிமிஷக் கூட்டல் நடக்கும், காட்சியே செத்துவிடும்.

பால்டர்ஸ் கேட் 3 (இதே ஆட்டத்தை வைத்து வந்த கணினி விளையாட்டு) ஆடிவிட்டு வந்தவர் என்றால், அங்கே உரையாடலில் பகடை 20 விழுந்தால் நிச்சய வெற்றி. மேஜையில் 2014 விதிப்படி ஸ்கில் செக்குக்கு அப்படி இல்லை. மன்னரிடம் கிரீடத்தைக் கேட்டு 20 உருட்டினாலும் சிரித்து அனுப்புவார். 2024 விதி ஆடும் குழுவானால் சில கணக்கு மாறும். எக்ஸ்பர்டீஸ் 2ஆம் லெவலிலேயே வரும், புதிய ஆட்டக்காரர் கையேட்டில் ஹாஃப்-எல்ஃபும் எலக்வன்ஸும் இல்லை. எதிராளி தயங்கினால்தான் உருட்டல், இலக்கு 15 அல்லது அவருடைய இன்டெலிஜென்ஸ், எது பெரிதோ அது. அடியோடு மறுப்பவரிடம் உருட்டவே முடியாது. பழைய பார்டைக் கொண்டுவரலாமா என்று டிஎம்மிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.