சாப்பிட மறுக்கும் பிள்ளைகளும் ஹிப்னோதெரபியும்: பெங்களூரு பெற்றோரின் கேள்விகள்

பதில் சொல்பவர் பதின்பருவப் பிள்ளைகளின் உணவுக் கோளாறுகளைக் கவனிக்கும் மருத்துவ உளவியலாளர்.

ஜெயநகரிலிருந்து ஓர் அம்மா: மகளுக்கு 15 வயது. அனோரெக்ஸியா (எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் நோய்) என்று சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டு நேரம் வந்தாலே வீட்டில் சண்டைதான். ஹிப்னாடிசம் பத்து சிட்டிங் எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். போகலாமா மேடம்?

பத்து சிட்டிங் என்று முன்கூட்டியே பேக்கேஜ் பேசுகிறவரிடம் போகாதீர்கள். பிள்ளைகளின் அனோரெக்ஸியாவுக்கு முதலில் தரவேண்டியது, பெற்றோரே முன்னின்று பிள்ளையைச் சாப்பிட வைக்கும் குடும்ப சிகிச்சை. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. அது ஒத்துவராவிட்டால் தனிநபர் உளசிகிச்சை. அங்கே ஹிப்னாஸிஸ் முதன்மைச் சிகிச்சையாக இல்லை.

அதற்காக அது வீண் என்று அர்த்தமில்லை, பக்கத்துணையாக நிற்கும். தட்டு வருவதற்கு முன் எழும் பதற்றம், சாப்பிட்ட பின் வயிறு கனத்து "தப்புப் பண்ணிட்டேன்" என்று வரும் குமைச்சல், தூக்கமின்மை ஆகியவற்றைத் தணிக்க உதவலாம். எடையை அது ஏற்றாது, தட்டில் இருப்பதுதான் ஏற்றும். ஆகவே வீட்டு ஒழுங்கை விடாதீர்கள்: மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று சிற்றுண்டி, பரிமாறுவது நீங்கள், அளவில் பேரம் கிடையாது. சாப்பாட்டுக்கு அரை மணி, சிற்றுண்டிக்குக் கால் மணி. முடிந்தபின் ஒரு மணி நேரம் யாராவது கூடவே இருக்க வேண்டும்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட், ஓர் அப்பா: அடுத்த வாரமே ஹிப்னோதெரபி ஆரம்பிக்கலாமா? பெண் மிகவும் சோர்வாக இருக்கிறாள்.

முதலில் குழந்தை மருத்துவர். விழித்திருக்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50-க்குக் கீழே போவது, மேல் ரத்த அழுத்தம் 90-ஐத் தொடாதது, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, மயக்கம், உடம்பு சில்லென்று இருப்பது, தண்ணீரைக்கூட மறுப்பது: இதில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஈ.சி.ஜி., பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம் பார்க்க வேண்டும். பல நாள் பட்டினிக்குப் பின் திடீரென்று உணவை ஏற்றினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரியும். அது இதயத்தைத் தாக்கும். மிகவும் இளைத்த பிள்ளைக்கு உணவைக் கூட்டும் வேகத்தை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று, பட்டினியில் இருக்கும் மூளை கற்பனைக்கு ஒத்துழைக்காது. 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான ஆண்களை வைத்து நடத்திய அரைப்பட்டினிச் சோதனையில், அவர்களுக்கே சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லாமல் போனது. கவனம் சிதறியது, எரிச்சல் ஏறியது. ஹிப்னாஸிஸுக்கு மூலதனமே கவனம்தான். உடல் நிலைப்பட்டு, சாப்பாடு ஓர் ஒழுங்குக்கு வந்த பிறகு தொடங்குங்கள்.

கோரமங்கலா: சிட்டிங்கில் உண்மையில் என்ன நடக்கும்? வசப்படுத்திவிடுவார்களா?

டிவியில் ஆளைக் கோழி மாதிரி கூவ வைப்பதைப் பார்த்துவிட்டு எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். சிகிச்சையில் பிள்ளைக்கு நினைவு தப்பாது. பேசலாம், மறுக்கலாம், எழுந்தும் போகலாம். சாப்பாட்டைக் கட்டுப்படுத்தும் பிள்ளைக்குக் கட்டுப்பாடு கைநழுவுவதுதான் ஆகப்பெரிய பயம். "என் சொல்லுக்கு நீ கட்டுப்படுவாய்" என்கிற தொனி வந்த நொடியில் கதவு சாத்திவிடும். 1985-இல் பெட்டினாட்டி என்ற ஆய்வாளரின் குழுவினர் அளந்து பார்த்தபோது, அனோரெக்ஸியா உள்ளவர்கள் புலிமியா (அடக்க முடியாமல் நிறையச் சாப்பிட்டுவிட்டு, வாந்தி போன்றவற்றால் அதை ஈடுகட்டும் கோளாறு) உள்ளவர்களைவிடக் குறைவாகவே ஹிப்னாஸிஸுக்கு இணங்கினார்கள். அனோரெக்ஸியாவிலும், சாப்பிடாமல் மட்டும் இருப்பவர்கள் வாந்தி எடுப்பவர்களைவிடக் குறைவு. எனவே ஆழ்ந்த ஹிப்னாஸிஸ் நிலையை எதிர்பார்க்க வேண்டாம், மேலோட்டமான நிலையே போதும்.

சாப்பாட்டுக்கு முன்னால் செய்யும் பயிற்சியைச் சொல்கிறேன். மேசைக்கு வரக் கால் மணி முன்பு, வேறு அறையில், எட்டிலிருந்து பத்து நிமிடம். பாதம் இரண்டும் தரையில். கண் திறந்தே இருக்கலாம், சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தால் போதும். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக. பிறகு பாதுகாப்பாக உணரும் ஓர் இடம், அவளே தேர்ந்தெடுத்தது. கப்பன் பார்க் மரத்தடியோ பாட்டி வீட்டுத் திண்ணையோ, எதுவானாலும் சரி. அங்கே என்ன கேட்கிறது, என்ன வாசனை என்று அவள் சொல்ல வேண்டும். அந்த நிலையில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தச் சொல்வோம், பின்னால் மேசையில் யாருக்கும் தெரியாமல் அதைச் செய்துகொள்ளலாம். அடுத்து ஒத்திகை: உட்காருகிறாள், முதல் கவளம், பயம் ஏறுகிறது, ஏறினாலும் அடுத்த கவளம், கடைசிக் கவளம், எழுகிறாள். "பயமே வராது" என்று சொல்லக்கூடாது, அது பொய். "பயம் இருக்கும்போதே கை நகரும்" என்பதுதான் சொல்ல வேண்டியது. முடிவில் கை காலை நீட்டி, அறையைச் சுற்றிப் பார்த்து, முழுக்கத் தெளிந்த பிறகே மேசைக்கு.

பொதுவான ஹிப்னாஸிஸ் வசனங்களை அப்படியே படித்தால் எங்கே இடறும் என்பதையும் சொல்ல வேண்டும். "உடம்பு லேசாகி மிதக்கிறது" என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். லேசாக வேண்டும் என்பதே நோயாக இருக்கும் பிள்ளைக்கு அதைச் சொல்வது நோய்க்குத் தீனி போடுவது. "கனமாகிறது" என்றால் பதறிவிடுவாள். தரையின் உறுதி, வெதுவெதுப்பு, சத்தம், நிறம் என்று போவதே நல்லது. பத்திலிருந்து ஒன்று வரை எண்ணுவதையும், கலோரி எண்ணும் பிள்ளையிடம் நான் பரிந்துரைப்பதில்லை. வயிற்றில் கை வைக்கச் சொல்வது இன்னொரு பொறி: வயிற்றைத் தொட்டுத் தொட்டு அளந்து பார்க்கிறவளுக்கு அது அதே சடங்குதான். சாப்பிட்டபின் கவனத்தை வெளியே திருப்புங்கள்: பல்லாங்குழி, சீட்டாட்டம், பாட்டு. பட்டினியால் இரைப்பை மெதுவாகக் காலியாகும், அதனால் உப்புசம் நிஜமாகவே இருக்கும். ஒழுங்காகச் சாப்பிடச் சாப்பிட அது குறையும். இதை விழித்த நிலையிலேயே விளக்கிச் சொன்னால் போதும்.

அல்சூர்: தெரபிஸ்ட் என் பெண்ணைச் சிறுவயதுக்கு அழைத்துப்போய் மூல காரணத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்கிறார்.

வேண்டாம். ஹிப்னாஸிஸில் "நினைவுக்கு வருவது" எல்லாம் நடந்ததாக இருக்க வேண்டியதில்லை. இல்லாத சம்பவத்தை நடந்ததாக நம்பிவிடும் ஆபத்து உண்டு, குடும்பமே உடைந்துபோகும். காரணம் தெரியாமலேயே குணமாகலாம்.

பானஸ்வாடி: மகனுக்கு 11. இட்லி தொண்டையில் அடைத்து மூச்சு முட்டியதிலிருந்து கஞ்சியும் பாலும் மட்டும்தான். ஒல்லியாக வேண்டும் என்ற எண்ணமெல்லாம் இல்லை.

இது அனோரெக்ஸியா மாதிரி இல்லை. 2013-இல் டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேடு பெயரிட்ட ஆர்ஃபிட் (எடை பற்றிய பயமில்லாமலேயே உணவைத் தவிர்க்கும் கோளாறு) வகையாக இருக்கலாம். முதலில் காது-மூக்கு-தொண்டை மருத்துவரையும் தேவைப்பட்டால் இரைப்பை-குடல் மருத்துவரையும் பார்த்து, விழுங்குவதில் கோளாறில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

ஹிப்னாஸிஸ் நன்றாகக் கைகொடுக்கக்கூடிய இடம் என்று நான் நினைப்பது இது. பிள்ளைகளின் காரணம் புலப்படாத வயிற்றுவலிக்கு நெதர்லாந்தில் 2007-இல் வந்த ஆய்வில், ஓராண்டு கழித்து ஹிப்னோதெரபி பெற்றவர்களில் 85 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள், வழக்கமான சிகிச்சையில் 25 சதவீதம். வயிற்றுவலி வேறு, விழுங்கும் பயம் வேறுதான். ஆனாலும் பிள்ளைகளின் கற்பனை உடம்பின் இறுக்கத்தைத் தளர்த்தும் என்பதற்கு அது நல்ல சான்று. தொண்டை தளர்வதாக, கவளம் வழுக்கிக்கொண்டு இறங்குவதாக ஒத்திகை. அதே நாளில் நிஜ உணவில் ஒரு படி: கெட்டிக் கஞ்சி, குழைய மசித்த தயிர் சாதம், நெய்யும் பருப்பும் பிசைந்த சாதம், பாலில் ஊறிய இட்லி, கடைசியில் வெறும் இட்லி. ஒரு படி சலிப்புத் தட்டும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். "பாரு, ஒண்ணுமே ஆகலை" என்று ஒவ்வொரு வாய்க்கும் சொல்வதை நிறுத்துங்கள், அது பயத்தைத்தான் ஞாபகப்படுத்தும்.

ஒரு தாத்தா: பேத்தி சஷ்டி, சனிக்கிழமை, ஏகாதசி என்று எல்லா விரதமும் இருக்கிறாள். பக்திதானே, இதையும் நோய் என்பீர்களா?

ஐயா, விரதம் முடிந்ததும் சர்க்கரைப் பொங்கலை ஆசையாகச் சாப்பிடுகிறாளா என்று பாருங்கள். பிரசாதத்தையும் கைக்குட்டையில் மடித்துவிட்டு, அடுத்த விரதத்துக்கு நாள் பார்த்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நோயிலிருந்து மீளும் காலத்தில் விரதமே கூடாது. அதை நீங்கள் சொன்னால்தான் எடுபடும், நான் சொன்னால் எடுபடாது.

பி.ஜி.யில் தங்கிப் படிக்கிறேன், 17 வயது. பசி எடுக்காமலிருக்க யூடியூபில் ஹிப்னாஸிஸ் ஆடியோ தினமும் ராத்திரி கேட்கிறேன். இப்போது சாப்பிட உட்கார்ந்தாலே பயமாக இருக்கிறது.

இதை எழுதியது நல்ல காரியம்மா. அந்த ஆடியோவை இன்றைக்கே அழித்துவிடு. பயத்தை ஆடியோ மட்டும் உண்டாக்கவில்லை, பட்டினியும் சேர்ந்து வளர்க்கிறது. அடுத்த வேளையைத் தனியாகச் சாப்பிடாதே, நம்பிக்கையான தோழி யாரையாவது கூட உட்காரச் சொல். வீட்டில் ஒருவரிடம் இந்த வாரமே சொல்லிவிடு. நேரில் சொல்ல முடியாவிட்டால் இந்தக் கேள்வியையே வாட்ஸப்பில் அனுப்பு. அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் பிள்ளைகளுக்கும் பதின்பருவத்தினருக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. தலைசுற்றலோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால் காத்திருக்காதே, கிட்டே இருக்கும் மருத்துவமனைக்குப் போ.

ஒயிட்ஃபீல்ட்: ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? பலன் தெரிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வார இறுதிப் பயிற்சி முடித்த சான்றிதழ் போதாது. மனநல மருத்துவராகவோ, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் உள்ள மருத்துவ உளவியலாளராகவோ இருந்து, கூடுதலாக ஹிப்னாஸிஸ் கற்றிருக்க வேண்டும். உணவுக் கோளாறு உள்ள பிள்ளைகளைப் பார்த்த அனுபவம் உண்டா, எடையை யார் கண்காணிப்பார்கள், குழந்தை மருத்துவரோடு பேசுவீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள். பெற்றோரை வாசலோடு நிறுத்துகிறவர் வேண்டாம்.

பலனைத் தட்டை வைத்துப் பாருங்கள். ஒரு நோட்டில் வேளை, முடித்தது எவ்வளவு, எத்தனை நிமிடம் ஆனது, உட்காரும்போது பயம் பத்துக்கு எவ்வளவு என்று குறியுங்கள். பயத்தின் எண்ணைப் பிள்ளையே சொல்லட்டும். நோட்டு உங்களிடமே இருக்கட்டும், அவள் கைக்குப் போனால் அதுவும் ஒரு கணக்குப் புத்தகமாகிவிடும். நாலு வாரத்தில் பயம் இறங்கியும் தட்டு காலியாகவில்லை என்றால், நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடாமலிருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று பொருள். அப்போது ஹிப்னாஸிஸை நிறுத்திவிட்டு, குடும்ப சிகிச்சை தருபவரிடம் அந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.