சின்ன செயின்சா வேகமாக அறுக்க என்ன மாற்றலாம்?

கேள்வி: பேராவூரணி பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது ஸ்டில் எம்எஸ் 180 செயின்சா, 16 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு). காய்ப்பு நின்றுபோன தென்னை, வரப்பில் முளைத்த சீமைக்கருவேலம், இந்த இரண்டையும்தான் அதிகம் அறுக்கிறேன். வாங்கிய புதிதில் இருந்த வேகம் இப்போது இல்லை. சைலன்சரில் ஓட்டை போட்டால் பவர் கூடும், 7 பல் ஸ்பிராக்கெட் (செயினை இழுக்கும் பல்சக்கரம்) மாட்டினால் செயின் வேகமாக ஓடும், 18 இன்ச் பார் போட்டால் பெருத்த மரமும் அறுக்கலாம் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். இதில் எதைச் செய்யலாம்?

பதில்: மூன்றையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். புதிதில் இருந்த வேகம் இப்போது இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இந்த மெஷினால் அந்த வேகத்தில் அறுக்க முடியும் என்பது உங்களுக்கே தெரியும். முதலில் தொலைந்துபோன வேகத்தை மீட்டுவிட்டு, அதற்கு மேல் என்ன கூட்டலாம் என்று பிறகு பார்ப்போம்.

உங்கள் இன்ஜின் 31.8 சி.சி., சுமார் 2 குதிரைத்திறன். இவ்வளவு சின்ன இன்ஜினுக்குப் பல் கூர்மைதான் எல்லாம். 70 சி.சி. மெஷினில் பல் கொஞ்சம் மழுங்கினாலும் இன்ஜின் பலத்தில் தள்ளிக்கொண்டு போகலாம். இதில் அது நடக்காது. பல் மழுங்கியதுமே நாம் கையால் அமுக்க ஆரம்பிக்கிறோம், அமுக்கினால் ஆர்.பி.எம். விழுகிறது, கிளட்ச் வழுக்குகிறது, பார் சூடாகிறது. அப்போது இன்ஜினில் பவர் இல்லை என்று தோன்றும். குறை பெரும்பாலும் செயினில்தான் இருக்கும்.

அதனால் அரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். உங்கள் மெஷினில் இருப்பது 3/8 பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு) லோ புரொஃபைல், அதாவது உயரம் குறைந்த செயின். அதற்கான உருண்டை அரம் 4 மி.மீ., இன்ச் கணக்கில் 5/32. கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 4.8 மி.மீ. அரம். 52, 58 சி.சி. மெஷின்கள் ஊருக்கு ஊர் இருப்பதால் அவற்றுக்கான அரத்தையே எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். அந்தத் தடித்த அரத்தால் உங்கள் செயினைத் தீட்டினால் பல்லின் உள்வளைவு போய்விடும். தொட்டுப் பார்த்தால் கூர் இருப்பது போலத் தெரியும், ஆனால் மரத்தைக் கவ்வாது. இப்போது எந்த அரம் வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

தீட்டும் முறை: பாரை வைஸில் இறுக்கிப் பிடித்து, செயின் பிரேக்கைப் போடுங்கள். செயினிலேயே மிகக் குட்டையான பல் எது என்று தேடி அதை முதலில் தீட்டுங்கள்; மற்ற எல்லாப் பல்லும் அதன் நீளத்துக்கு வர வேண்டும். அரம் பாருக்கு நேர் குறுக்காக இருக்கும் நிலையிலிருந்து 30 டிகிரி சாய்வில், தரைக்குச் சமமாகப் போக வேண்டும். அரத்தின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்விளிம்புக்கு வெளியே தெரிந்தால் உயரம் சரி. முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்தம். திரும்ப இழுக்கும்போது பல்லில் படாமல் தூக்கிவிடுங்கள். அவ்வப்போது அரத்தைக் கொஞ்சம் சுழற்றிப் பிடித்தால் ஒரே பக்கம் தேயாது. இதையெல்லாம் கண்மதிப்பில் செய்யக் கை பழக வேண்டும். அதுவரை கோடு போட்ட அரப் பிடிமானம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். செயின்சாவுக்கு நீங்கள் செய்யும் மிகப் பயனுள்ள செலவு அதுதான்.

தீட்டி முடிந்ததா என்று பார்க்க வெயிலில் பிடியுங்கள். மழுங்கிய விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடாக வெளிச்சம் மின்னும். அந்தக் கோடு மறையும்வரை தீட்ட வேண்டும். ஒரு பக்கத்துப் பல் நீளமாகவும் மறுபக்கத்துப் பல் குட்டையாகவும் இருந்தால் வெட்டு வளைந்துகொண்டே போகும். அப்புறம் பார் இறுகும், மறுபடியும் இன்ஜின் மேல் பழி விழும்.

அடுத்து பலரும் தொடாமல் விட்டுவிடும் இடம்: ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் நிற்கும் சின்ன மேடு, டெப்த் கேஜ் என்பார்கள். பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது இதுதான். பல்லைத் தீட்டத் தீட்ட அதன் உயரம் குறையும், மேடு மட்டும் அப்படியே நிற்கும். ஒரு கட்டத்தில் மேடு மரத்தில் உரசும், பல் மரத்தைத் தொடவே தொடாது. செயின் புதிது போல மின்னும், வெட்டினால் தூள் மட்டும்தான் வரும். உங்கள் செயினுக்கு மேடு பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். இதற்கென்று ஒரு சின்ன அளவுத் தகடு விற்கிறது. அதைச் செயின் மேல் வைத்து, துருத்திக்கொண்டிருக்கும் பகுதியைத் தட்டை அரத்தால் ராவிவிட்டு, முன்முனையைக் கொஞ்சம் உருட்டிவிடுங்கள். மூன்று நான்கு தடவை பல் தீட்டினால் ஒரு தடவை இதைப் பார்த்தால் போதும்.

இதைத்தான் சிலர் "மாடிஃபை" என்ற பெயரில் ஒரேயடியாகக் குறைத்து, 1 மி.மீ. வரைக்கும் இறக்கிவிடுகிறார்கள். இலவம் போன்ற மென்மரத்தில் ஒரு நாள் அசத்தும். சீமைக்கருவேலத்தில் ஒவ்வொரு பல்லும் மாட்டி மாட்டி நிற்கும், பார் முனை மேல்நோக்கி எகிறும். பார் முனையின் மேல் கால்பகுதி மரத்தில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கித் திரும்பும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேட்டை அளவுக்கு மீறி ராவினால் அந்த எகிறல் இன்னும் மூர்க்கமாக வரும். செயினில் இடையிடையே இருக்கும் கூடுதல் திமில்களையும் ராவச் சொல்வார்கள். அவை எகிறலைத் தணிக்கவே வைக்கப்பட்டவை. தயவுசெய்து அவற்றில் கை வைக்காதீர்கள்.

செயின் சரியாகிவிட்டால் பார் பக்கம் வாருங்கள். கழற்றி, பள்ளத்தில் அடைந்த அழுக்கை மெல்லிய தகட்டால் சுரண்டி, எண்ணெய்த் துளையைக் குத்திவிடுங்கள். ஓரத்தில் பிசிறு எழும்பியிருந்தால் தட்டை அரத்தால் எடுத்துவிட்டு, மாட்டும்போது மேல்கீழாகத் திருப்பி மாட்டுங்கள். பழைய இன்ஜின் ஆயிலைச் செயினுக்கு ஊற்றும் வழக்கம் நம் பக்கம் அதிகம். அது செயினில் ஒட்டாமல் தெறித்துவிடும், அதில் இருக்கும் இரும்புத்தூள் பாரையும் பம்பையும் அரிக்கும். செயின் ஆயிலே ஊற்றுங்கள். ஆயில் வருகிறதா என்று பார்க்க, பார் முனையை வெளிர் நிறத்தில் உள்ள ஏதாவது ஒன்றின் மேல் காட்டி ரேஸ் கொடுத்தால் கோடாகத் தெறிக்க வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்ட மூன்று மாற்றங்கள்.

18 இன்ச் பார் வேண்டவே வேண்டாம். நான் சொல்வது நேர் எதிர்: 16-ஐக் கழற்றிவிட்டு 12 அல்லது 14 இன்ச் பார் மாட்டுங்கள். பார் நீளம் கூடக் கூட உராய்வு கூடும், ஒரே நேரத்தில் மரத்துக்குள் இருக்கும் பற்களின் எண்ணிக்கையும் கூடும். அத்தனையையும் இழுக்க வேண்டியது அதே 2 குதிரைத்திறன். 14 இன்ச் பாரால் இரண்டு பக்கமிருந்தும் அறுத்தால் சாய்ந்து கிடக்கும் எந்தத் தென்னையையும் துண்டு போடலாம். அடிமரத்தை வீழ்த்துவது வேறு கதை. அதற்கு ஆளும் அனுபவமும் வேண்டும். இந்த மெஷினுக்கு 1.1 மி.மீ. கேஜ் (பாரின் பள்ளத்துக்குள் ஓடும் பகுதியின் கனம்) கொண்ட ஒல்லிச் செயினும் அதற்கேற்ற பாரும் கிடைக்கின்றன. அது வெட்டும் தடம் ஒடுக்கம், எடுக்கும் மரத்தூளும் குறைவு, அதனால் சின்ன இன்ஜினுக்குச் சுமை இறங்கும். பணம் செலவழித்து ஒரு மாற்றம் செய்தே ஆக வேண்டும் என்றால் இதைச் செய்யுங்கள். ஆனால் 1.3 மி.மீ. பாரில் 1.1 செயினைப் போட்டால் ஆடும். பாரின் அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து ஜோடியாக வாங்குங்கள். பற்களில் அரைக்கூர் முனை உள்ள செமி சிசல் வகையைக் கேளுங்கள். முழுக்கூர் முனை சுத்தமான மரத்தில் வேகம்தான், ஆனால் மண் பட்டதும் போய்விடும்.

7 பல் ஸ்பிராக்கெட்டின் கணக்கு இது: 6 பல் இருந்தால் ஒரு சுற்றுக்குச் சுமார் 11 செ.மீ. செயின் ஓடும், 7 பல் என்றால் 13 செ.மீ. வேகம் 17 சதவீதம் கூடும், செயினை இழுக்கும் பலம் 14 சதவீதம் குறையும். கவட்டை, கிளை, மென்மரம் என்றால் பயன் தெரியும். உங்களுக்கு இருப்பது தென்னையின் வெளிப்புற வைரமும் காய்ந்த கருவேலமும். அங்கே இன்ஜின் திணறி, கிளட்ச் வழுக்கி, டிரம் பழுத்துவிடும். அதைவிட முக்கியம், பழைய ஸ்பிராக்கெட்டில் அரை மி.மீ. ஆழத்துக்குத் தடம் விழுந்திருந்தால் அதே 6 பல்லில் புதிதாக மாற்றுவது. தேய்ந்த ஸ்பிராக்கெட் புதுச் செயினையும் கெடுத்துவிடும்.

சைலன்சர் ஓட்டை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்ஜின் சாவது பெரும்பாலும் இதில்தான். வெளியேற்றத்தை அகலப்படுத்தினால் புகை சுலபமாகப் போகும், உள்ளே காற்றும் அதிகம் வரும். அந்த அளவுக்குப் பெட்ரோலும் கூட வேண்டும். உங்கள் மாடலில் பல மெஷின்களுக்கு உயர்வேக ஜெட் (முழு வேகத்தில் பெட்ரோலை அளந்து விடும் துளை) மாற்ற முடியாதபடி நிலையானது. திருகி அளவைக் கூட்ட ஹெச் திருகே கிடையாது. காற்று மட்டும் கூடினால் கலவை மெலிந்துபோகும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் உள்ளே வரும் பெட்ரோலும் ஆயிலும்தான் பிஸ்டனைக் குளிர்விப்பதும் வழுக்க வைப்பதும். அது குறைந்தால் எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டன் கோடு விழுந்து சிக்கிக்கொள்ளும்.

இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. இப்போது நம் பெட்ரோல் பங்க்குகளில் பெரும்பாலும் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். அதாவது ஓட்டை போடுவதற்கு முன்பே உங்கள் கலவை கொஞ்சம் மெலிந்துதான் இருக்கிறது. ஆயிலைக் கூட ஊற்றிச் சரிக்கட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆயில் கூடினால் அதே அளவு கலவையில் பெட்ரோல் குறையும், இன்னும் மெலியத்தான் செய்யும். ஸ்டில் கம்பெனியின் ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மி.லி., மற்ற 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் என்றால் 40 மி.லி., அந்த அளவிலேயே நில்லுங்கள். கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் வைக்காதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டர் டயஃப்ரம் விறைத்துப்போகும்.

50 சி.சி.க்கு மேல் உள்ள மெஷின், குறைவேகத்துக்கு எல், உயர்வேகத்துக்கு ஹெச் என இரண்டு திருகும் உண்டு, டேக்கோமீட்டர் (இன்ஜின் சுற்றை அளக்கும் கருவி) வைத்து டியூன் செய்யத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார் என்றால் சைலன்சர் வேலையில் அர்த்தம் இருக்கிறது. உங்கள் மெஷினில் கிடைக்கப்போகும் கொஞ்சத்துக்கு இந்த ஆபத்து தேவையில்லை. சைலன்சரில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கழற்றி உள்ளே இருக்கும் கம்பி வலையைப் பாருங்கள். கரி அடைத்திருந்தால் கம்பி பிரஷால் தேய்த்துத் திரும்ப மாட்டுங்கள். அடைப்பு எடுத்தாலே மூச்சு திரும்பும். வலையைத் தூக்கி எறிய வேண்டாம். சித்திரை வெயிலில் காய்ந்த மட்டையும் பன்னாடையும் கிடக்கும் தோப்பில் ஒரு பொறி போதும். அதோடு ஏர் ஃபில்டரைத் தட்டிக் கழுவி, டேங்குக்குள் இருக்கும் ஃபில்டரை மாற்றி, பிளக் இடைவெளியை 0.5 மி.மீ. வைத்துவிட்டால் இன்ஜின் பக்கம் வேலை முடிந்தது.

உங்கள் மரங்களுக்கென்று இரண்டு விஷயம். விழுந்து கிடக்கும் தென்னையின் மேல்பட்டையில் மணலும் கரையான் மண்ணும் ஒட்டியிருக்கும். வெட்டப்போகும் இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு அரிவாளால் செதுக்கிவிட்டு மெஷினை வையுங்கள். செயின் பல மடங்கு நேரம் கூர் நிற்கும். சீமைக்கருவேலத்தை மண்ணோடு மண்ணாக அறுக்காமல், தூரைச் சுற்றித் தோண்டி மண்ணைத் தட்டிவிட்டு அறுங்கள், முடிந்தவரை பச்சையாக இருக்கும்போதே. கருவேலத்தில் செதில் செதிலாக வந்தால் பல் சரி, மாவாக வந்தால் தீட்ட நேரமாகிவிட்டது. தென்னையில் நார் நாராக வருவதால் தூளை வைத்துச் சொல்ல முடியாது. மெஷின் தன் எடையிலேயே இறங்குகிறதா, நீங்கள் அமுக்க வேண்டியிருக்கிறதா என்பதுதான் அங்கே அடையாளம்.

மாற்றம் பலித்ததா என்று தெரிந்துகொள்ள, ஒரே தடியில் பக்கத்துப் பக்கத்தில் முன்னும் பின்னும் ஒவ்வொரு வில்லை அறுத்து, கைப்பேசியில் நேரம் பார்த்து ஒப்பிடுங்கள். சத்தம் கூடியதை வேகம் கூடியதாக எடுத்துக்கொள்வது எல்லோருக்கும் நடப்பது.

இத்தனையும் செய்தும் திணறினால் மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். 100 பி.எஸ்.ஐ.க்குக் கீழே காட்டினால் பிஸ்டன், ரிங் பக்கம் வேலை இருக்கிறது. கம்ப்ரஷனும் நன்றாக இருந்து, நாள் முழுக்க அடிமரம் அறுக்கும் வேலைதான் உங்களுடையது என்றால், 31 சி.சி.யைப் பிழிவதைவிட 45 சி.சி. வகைக்கு மாறுங்கள். எம்எஸ் 250 மாதிரியான மெஷின் சுமார் 3 குதிரைத்திறன் தரும், 16 இன்ச் பாரைத் தாராளமாக இழுக்கும். அவை பெரும்பாலும் .325 பிட்ச் செயினுடன் வரும். அதற்குத்தான் அந்த 4.8 மி.மீ. அரம்.