வீட்டுப்பள்ளி நோட்டுகள்: எதை வைப்பது, எதைப் பழைய பேப்பருக்குப் போடுவது?

கேள்வி: திருமங்கலத்தில் இருக்கிறோம். ஒன்பது வயது மகளுக்கு மூன்று வருடமாக வீட்டில்தான் பாடம். ஆறு வயது மகனும் இப்போது சேர்ந்துகொண்டான். நோட்டும் படமுமாகப் பரணில் இரண்டு ட்ரங்குப் பெட்டி நிறைந்துவிட்டது. பின்னால் பரீட்சைக்குப் போகும்போது யாராவது கேட்பார்களோ என்று எதையும் தூக்கிப்போட மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கேட்க மாட்டார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். நம் மாநில எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் பன்னிரண்டரை. இரண்டிலும் முதலில் பார்ப்பது வயதைத்தான். மகள் போட்ட பெருக்கல் கணக்கை யாரும் புரட்டப்போவதில்லை.

ஆகவே முதல் வேலை நோட்டு அல்ல, பிறப்புச் சான்றிதழ். பள்ளி டி.சி. இல்லாத பிள்ளைக்கு வயதைச் சொல்ல அதுதான் முக்கியமான சான்று. அதில் பெயர் ஏறியிருக்கிறதா, இனிஷியலும் எழுத்தும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று இந்த வாரமே பாருங்கள். வித்தியாசம் இருந்தால் விண்ணப்ப நேரம்வரை தள்ளிப்போடாதீர்கள். லேமினேஷன் மட்டும் வேண்டாம். சூட்டில் ஒட்டிய தாளைப் பிறகு பிரிக்கவே முடியாது.

சரி, நோட்டுகளுக்கு வருவோம். மாதம் ஒரு பாடத்துக்கு இரண்டு தாள் போதும். அழகான தாளைத் தேடி எடுக்காதீர்கள். தப்பாகப் போட்ட கணக்கு ஒன்று, அதையே சரியாகப் போட்டது ஒன்று. வளர்ச்சி அங்கேதான் தெரியும். தாளின் பின்பக்கம் அன்றைக்கே எழுதிவிட வேண்டும். ஒரு படத்தின் பின்னால் இப்படி இருக்கலாம்: "12.1.2025, கீழக்குயில்குடி, சமணர் மலை. தீர்த்தங்கரர் சிற்பத்தைப் பார்த்துத் தானே வரைந்தாள். 'இவருக்கு ஏம்மா சட்டை இல்லை?' என்று கேட்டாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை." இந்த நாலு வரி இல்லாவிட்டால் அது யாரோ ஒரு மொட்டைத் தலையின் படம், அவ்வளவுதான்.

கூடவே இருவருக்கும் பொதுவாக ஒரு நீள நோட்டு. இடப்பக்கம் அக்கா, வலப்பக்கம் தம்பி, நாளுக்கு மூன்று வரி. விட்டுப்போன நாளை விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கற்பனையில் நிரப்பும் பதிவேடுகள் பள்ளிக்கூடங்களில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

பரணில் மட்டும் வைக்காதீர்கள். மதுரைப் பக்கத்துச் சித்திரை வெயிலில் தளத்தை ஒட்டிய இடம் அடுப்பு மாதிரி. ரப்பர் பேண்ட் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும், ஸ்டேப்ளர் பின் துருவேறும். பஞ்ச் செய்து நூல் டேக்கில் கோத்து, அட்டை பைலில் போடுங்கள். பெட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல்மேல் வைத்தால் கரையான் ஏறுவது உடனே கண்ணில் படும். உள்ளே கொஞ்சம் வசம்பு. மெஷினில் அடித்துத் தரும் பஸ் டிக்கெட்டையும் பில்லையும் ஞாபகமாக ஒட்டுவதென்றால் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். அசல் ஒரு கோடைக்குள் வெளுத்துவிடும். களிமண் பொம்மை, சார்ட் எல்லாம் போனில் போட்டோ எடுத்தால் போதும்.

கழிப்பதை மகள் தூங்கும்போது செய்யாதீர்கள். அவளையே பக்கத்தில் உட்காரவைத்துப் பிரியுங்கள். நீங்கள் குப்பை என்று நினைத்ததை அவள் மார்போடு அணைத்துக்கொள்வாள். அதையும் பைலில் சேருங்கள். மீதியைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் நோட்டுகளுக்குள் ஆதார் ஜெராக்ஸ் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று உதறிப் பாருங்கள். டீக்கடையில் வடை சுற்றித் தந்த தாளில் யாரோ ஒரு குழந்தையின் ஆதாரை நானே பார்த்திருக்கிறேன்.