பதினோராம் இடத்தில் இருப்பவரின் கடமை

கேள்வி: டொராண்டோவில் இருக்கும் என் சித்தப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, தன்னுடைய ஃபேன்டஸி ஐஸ் ஹாக்கி லீக்கில் என்னையும் சேர்த்துவிட்டார். மொத்தம் பன்னிரண்டு பேர். முதல் ஆறு பேருக்குத்தான் ப்ளேஆஃப். நான் பதினோராவது. இனி என்ன செய்தாலும் ஆறுக்குள் வர முடியாது. இன்னும் மூன்று வாரம் பாக்கி. அண்ணன் ஆறாம் இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறார். இந்த வாரம் எனக்கு எதிரே ஏழாம் இடத்துக்காரர், அடுத்த வாரம் முதலிடத்துக்காரர், கடைசி வாரம் அண்ணனேதான். என்னிடம் உள்ள நல்ல கோலியை (கோல் காப்பவரை) அண்ணனுக்குக் கொடுத்துவிட்டு, கடைசி வாரம் லைனப் (அன்றன்று யார் யார் இறங்குவது என்கிற பட்டியல்) போடாமல் இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன். விடியற்காலை நாலரைக்கு எழுந்து போனைப் பார்க்கிறேன் என்று வீட்டிலும் சத்தம். அப்படிச் செய்யலாமா?
(வாசகர் ஒருவர், காரைக்குடி)

பதில்: கூடாது. கோலியைக் கொடுப்பதும் கூடாது, லைனப் போடாமல் இருப்பதும் கூடாது.

இந்த ஆட்டம் தெரியாத வாசகர்களுக்காக இரண்டு வரி. வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கியில் 32 அணிகள். அந்த அணிகளின் வீரர்களை லீக்கில் உள்ளவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டுக்கொண்டு, களத்தில் அவர்கள் போடும் கோல், அசிஸ்ட் (கோலுக்கு வழி செய்து கொடுத்த பாஸ்), ஷாட், கோலிகள் தடுக்கும் பந்து (அங்கே அது தட்டையான ரப்பர் வட்டு) எல்லாவற்றையும் தங்கள் கணக்கில் எழுதி, வாரா வாரம் ஒருவரோடு ஒருவர் மோதுவார்கள். பணம் வைத்து ஆடுவதாக நீங்கள் எழுதவில்லை. அப்படியே இருக்கட்டும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டைத் தடுக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது.

இனி உங்கள் விஷயம். “எனக்குத்தான் வாய்ப்பு இல்லையே” என்று எழுதாமல் எழுதியிருக்கிறீர்கள். சரி, உங்களுக்கு இல்லை. உங்கள் எதிரே வரும் மூன்று பேருக்கும் இருக்கிறது. அக்டோபரிலிருந்து ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கணக்குப் பார்த்த ஏழாம் இடத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். அண்ணனுக்கு மட்டும் கடைசி வாரம் ஆளில்லாத அணி எதிரே வந்தால், அந்த மனிதரின் ஐந்து மாத உழைப்பை நீங்கள் எடுத்து அண்ணன் கையில் கொடுத்ததாக ஆகும். உங்களை அவருக்கு முகம் தெரியாது. அதனால் தப்பு சிறியதாகிவிடாது.

நம் பக்கத்தில் நகரத்தார் வீடுகளில், கல்யாணமான குடும்பத்தை ஒரு புள்ளி என்று கணக்கிட்டு, கோயிலுக்குப் புள்ளி வரி கட்டுகிறார்கள். ஆள் மலேசியாவில் இருந்தாலும் அமெரிக்காவில் இருந்தாலும், வருமானம் கூடினாலும் குறைந்தாலும், ஒரு புள்ளி ஒரு புள்ளிதான். பன்னிரண்டு பேர் லீக்கில் உங்களுடையதும் அப்படி ஒரு புள்ளி. பதினோராம் இடம் என்பதால் அது அரைப் புள்ளி ஆகிவிடாது.

அண்ணனுக்கு உதவ வேண்டும் என்கிற பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் கணக்கே தப்பு. இந்த வாரம் உங்களுக்கு எதிரே நிற்பது அண்ணனை முந்தப் பார்க்கும் ஆள். கோலியைக் கொடுத்துவிட்டு அவரோடு மோதினால், கோலியின் வெற்றி, தடுப்பு விகிதம், விட்ட கோல் சராசரி எல்லாவற்றையும் அவருக்கே தாரை வார்க்கிறீர்கள். அண்ணனுக்கு நேர்மையாகச் செய்யக்கூடிய பெரிய உதவி, உங்கள் முழு பலத்தோடு இந்த வாரம் அந்த ஏழாம் இடத்துக்காரரை ஜெயிப்பதுதான். ஜெயித்தால் அவரும் குறை சொல்ல முடியாது.

ட்ரேடே (ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வதே) கூடாது என்று சொல்லவில்லை. கெடு முடியவில்லை என்றால் அண்ணனோடும் செய்யலாம். அண்ணன் தரும் அதே மாதிரி ஆளைத் தந்து அதே கோலியை ஏழாம் இடத்துக்காரர் கேட்டிருந்தால் சம்மதித்திருப்பீர்களா என்று பாருங்கள். சம்மதிப்பீர்கள் என்றால் அது ட்ரேட். இல்லையென்றால் தானம். நல்ல ஆளை அணியிலிருந்து கழற்றிவிட்டு அண்ணன் எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுவதும் தானம்தான். இப்படிச் செய்கிறவர்கள் இருப்பதால்தான், இன்னின்ன வீரர்களைக் கழற்றவே முடியாது என்று சில தளங்களே பூட்டு போட்டு வைத்திருக்கின்றன.

நாலரை மணி விவகாரத்துக்கு வருகிறேன். இதில் வீட்டில் சொல்வதுதான் சரி. நீங்கள் அந்த நேரத்தில் எழுந்திருக்கவே வேண்டியதில்லை. டொராண்டோவில் மாலை ஏழு மணி ஆட்டம் என்றால் குளிர்காலத்தில் நமக்கு அதிகாலை ஐந்தரை. மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள், அதன்பிறகு நாலரை. ஆனால் அன்றைக்கு எந்த கோலி இறங்குகிறார் என்பது ஆட்டத்தன்று காலைப் பயிற்சியிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். அங்கே காலை பத்தரை என்றால் இங்கே இரவு எட்டு. சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு ஒருமுறை பார்த்து லைனப் போட்டுவிட்டுப் படுங்கள். சனி, ஞாயிறு மட்டும் ஜாக்கிரதை: அங்கே மதியம் ஒரு மணி ஆட்டங்கள் உண்டு, அது நமக்கு அதே நாள் இரவு பத்தரை. விடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும்.

சீசன் கடைசியில் அணியை நடத்துவது தனி வித்தை. பேர் பெற்றவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டிய காலம் இல்லை இது. இந்த வாரம் யார் எத்தனை ஆட்டம் ஆடுகிறார், எந்த நாளில் ஆடுகிறார் என்பதுதான் பேச்சு. அங்கே செவ்வாய், வியாழன், சனி ஆட்டங்கள் குவியும். அந்த நாட்களில் உங்கள் ஆட்கள் எல்லோருமே இறங்குவார்கள், இடம் போதாமல் நல்ல ஆளையே பெஞ்சில் வைக்க நேரும். திங்கள், புதன், வெள்ளியில் ஆடும் சுமாரான ஆள் ஒருவர் உங்களுக்கு அவரைவிட அதிகம் சம்பாதித்துத் தருவார். அடுத்தடுத்த நாள் இரண்டு ஆட்டம் உள்ள அணியில் ஒரே கோலி இரண்டிலும் இறங்குவது அபூர்வம். இரண்டாவது நாளுக்கு மாற்று கோலி யார் என்று முதல் நாளே பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் என்.எச்.எல்.லின் சொந்த ட்ரேட் கெடு முடிந்ததும், வாய்ப்பு இழந்த அணிகள் மூத்தவர்களை விற்றுவிட்டு இளைஞர்களை முதல் பவர்ப்ளேயில் (எதிரணியில் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும்போது இறங்கும் குழுவில்) ஏற்றும். அந்தப் பெயர்கள் யார் கையிலும் இருக்காது. உங்களுக்கு இழக்க ஒன்றும் இல்லாததால் துணிந்து எடுக்கலாம்.

இதெல்லாம் வீண் என்று தோன்றினால் 2015ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ஒட்டாவா செனட்டர்ஸ் அணி பிப்ரவரியில் ப்ளேஆஃப் இடத்துக்கு 14 புள்ளி பின்தங்கியிருந்தது. கோலிகள் காயம்பட, கீழ்மட்ட லீக்கில் இருந்த ஆண்ட்ரூ ஹேமண்டை வேறு வழியில்லாமல் இறக்கினார்கள். 20 வெற்றி, தோல்வி ஒன்றே ஒன்று, கூடுதல் நேரத்தில் விட்டது இரண்டு. ஒட்டாவா உள்ளே போய்விட்டது. 2019 ஜனவரித் தொடக்கத்தில் மொத்த லீக்கிலும் கடைசியில் கிடந்த செயின்ட் லூயிஸ் அணி, ஜோர்டன் பின்னிங்டன் என்ற புது கோலி வந்து நின்றபிறகு ஜூனில் என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையையே தூக்கியது. இந்த இரண்டு கோலிகளையும் தங்கள் ஃபேன்டஸி அணியில் முதல் வாரமே எடுத்துவைத்தவர்கள், கடையை மூடிவிட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான்.

கடைசி வாரத்துக்கு ஒரு வேலை பாக்கி. அண்ணனுக்கு இன்றைக்கே போன் போடுங்கள்; அங்கே காலை ஒன்பது என்றால், கடிகாரம் மாறிய பிறகு இங்கே மாலை ஆறரை. “கடைசி வாரம் முழு அணியோடு வருகிறேன், நீங்களும் அப்படியே வாருங்கள் அண்ணே” என்று சொல்லுங்கள். கோலியைத் தருகிறேன் என்று ஏற்கெனவே வாய்விட்டிருந்தால் அதே பேச்சில் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அவர் கோபித்தால் இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், பழி என் மேல் இருக்கட்டும்.