தோற்ற ஆட்டத்தை அலசுவது எப்படி?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "தலா 90 நிமிடமும் நகர்வுக்கு 30 விநாடியும் கொண்ட சதுரங்கப் போட்டியில் வெள்ளைக் காய்களுடன் ஆடித் தோற்றேன். 22-ஆவது நகர்வில் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தது. எஞ்சின் (நகர்வுகளைக் கணிக்கும் கணினி நிரல்) தந்த மதிப்பீடு +1.8, அதாவது வெள்ளைக்கு ஏறக்குறைய இரண்டு சிப்பாய் அளவு சாதகம். 31-ஆவது நகர்வில் யானையைப் பறிகொடுத்தேன். எஞ்சின் அந்த ஒன்றை மட்டுமே பெரும்பிழை என்று சிவப்பில் காட்டுகிறது. அலசுவதற்கு வேறு என்ன இருக்கிறது?"

நீங்கள் அனுப்பிய ஸ்கோர் ஷீட்டில் (நகர்வுகளை எழுதும் தாளில்) நகர்வுகளுக்குப் பக்கத்தில் கடிகார நேரத்தையும் குறித்திருக்கிறீர்கள். சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகள் அனுமதிக்கும் இந்தப் பழக்கத்தை எல்லோருமே கைக்கொள்ள வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்த எண்களிலேயே கிடைக்கிறது. 23-ஆவது நகர்வுக்கு முன் உங்களிடம் 31 நிமிடம் இருந்தது. அதை ஆடி முடித்தபோது 9 நிமிடம்தான் மிச்சம். குதிரைகளை மாற்றிக்கொண்டு (ஆளுக்கொரு குதிரையை வெட்டிக்கொண்டு) கூடுதல் சிப்பாயுடன் இறுதி ஆட்டத்துக்குள், அதாவது காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்துக்குள், போவதா, ராணியை வைத்துக்கொண்டு ராஜாவைத் தாக்குவதா என்று நெடுநேரம் யோசித்துவிட்டு, கடைசியில் இரண்டும் இல்லாமல் யானையை இ1 கட்டத்துக்கு நகர்த்தியிருக்கிறீர்கள். இரண்டு நகர்வு கழித்து அதே யானை டி1-க்குத் திரும்பி வந்திருக்கிறது. 30-ஆவது நகர்வுக்குள் மதிப்பீடு +1.8-இலிருந்து 1.1, 0.5 என்று சரிந்து சமநிலைக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு படியும் சிறியது என்பதால் எஞ்சின் எதையும் சிவப்பில் காட்டவில்லை. 31-இல் யானை போனது உண்மைதான். ஆனால் வென்றிருக்க வேண்டிய ஆட்டம் அதற்கு முன்பே கையைவிட்டுப் போய்விட்டது.

உலக சாம்பியன் போட்டியிலும் இதைப் பார்த்தோம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷுக்கு எதிரான பதினான்காவது ஆட்டத்தில் அப்போதைய சாம்பியன் டிங் லிரன் 55-ஆவது நகர்வாக யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்து யானை மாற்றத்துக்கு வழிவிட்டார். அவருடைய பிஷப் ஏ8 மூலையில் இருந்தது. யானைகள் போனதும் குகேஷின் பிஷப் டி5-க்கு வர, மூலையில் இருந்த பிஷப் அதே மூலைவிட்டத்தில் எங்கே நகர்ந்தாலும் வெட்டுப்படும் என்பதால் பிஷப்புகளும் மாறியே தீர வேண்டியதாயிற்று. எஞ்சிய ராஜா, சிப்பாய் ஆட்டத்தில் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்த குகேஷ் வென்று சாம்பியன் ஆனார். எஃப்2-ஐ மட்டும் பார்த்தால் அது கணநேரக் கவனப்பிசகு. ஆனால் டிங் அந்த ஆட்டத்தில் முன்பே ஒரு சிப்பாயை விட்டுக்கொடுத்துக் காய்களைக் குறைத்து, சமனை நோக்கி ஆடிவந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இன்னொரு மாற்றம் ஏன் அவ்வளவு இயல்பான நகர்வாகத் தோன்றியிருக்கும் என்பது புரிகிறது.

ஆகவே எஞ்சினைத் திறப்பதற்கு முன்பே அலசல் தொடங்கிவிட வேண்டும். முடிந்தால் ஆட்டம் முடிந்த கையோடு எதிராளியிடம் பேசுங்கள். எந்த இடத்தில் அவர் பயந்தார் என்பதை மறக்காமல் கேளுங்கள். நீங்கள் எண்ணிக்கூடப் பார்க்காத ஒரு நகர்வைக் கண்டு அவர் அஞ்சியிருப்பது அடிக்கடி நடப்பதுதான். பிறகு அன்றிரவோ மறுநாளோ, ஆட்டத்தின்போது மனதில் ஓடியவற்றை உங்கள் சொற்களிலேயே எழுதுங்கள்: எந்த நகர்வுகளை எண்ணினீர்கள், எதை ஏன் கைவிட்டீர்கள், நிலைமை யாருக்குச் சாதகம் என்று நினைத்தீர்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். எஞ்சினின் விடையைப் பார்த்த பிறகு, "இது எனக்கும் தெரிந்ததுதான்" என்று மனம் உறுதியாகச் சொல்லும்; உண்மையில் அப்போது என்ன நினைத்தீர்கள் என்பது அதோடு அழிந்துவிடும்.

அதன்பின் நேரம் அதிகம் செலவான இடங்கள், காய் மாற்றத்தை முடிவுசெய்த இடங்கள், திட்டம் மாறிய இடங்கள் என மூன்று நான்கை மட்டும் தேர்ந்தெடுத்து, பலகையில் காய்களை அடுக்கி நீங்களே எண்ணிப் பாருங்கள். ஓப்பனிங்குக்கு (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளுக்கு) கால் மணி நேரம் போதும். உங்கள் மட்டத்தில் பெரும்பாலான ஆட்டங்களின் முடிவு அங்கே தீர்மானமாவதில்லை.

இப்போது எஞ்சினைத் திறக்கலாம். அது பரிந்துரைக்கும் நகர்வைக் குறித்துக்கொண்டு நிறுத்திவிடாமல், நீங்கள் ஆட நினைத்ததை அதன்முன் ஆடி, அது எப்படி முறியடிக்கிறது என்று பாருங்கள். உங்கள் 23-ஆவது நகர்வில் எஞ்சின் முதலில் காட்டுவது ராணியை வைத்துக்கொண்டு தாக்கும் வழி. அதில் ஏழு நகர்வுகளும் பிசகாமல் வர வேண்டும். இரண்டாவதாகக் காட்டும் குதிரை மாற்றம் +1.4. 9 நிமிடத்தில் ஏழு துல்லிய நகர்வுகளைக் கண்டுபிடிக்க முடியாத ஆட்டக்காரருக்கு இந்த இரண்டாவதுதான் சிறந்த நகர்வு என்பது என் உறுதியான கருத்து.

ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, காரணத்தை ஒரே வரியில் எழுதி வாருங்கள். இந்த ஆட்டத்துக்கு, "சாதகமான நிலையில் முடிவெடுக்கத் தயங்கி நேரத்தை இழந்தேன்" என்று எழுதலாம். ஏழெட்டு ஆட்டங்கள் சேர்ந்ததும் எந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். பயிற்சியை அதிலிருந்து தொடங்குங்கள். இந்த வரியே மறுபடி வந்தால், 23-ஆவது நகர்வின் நிலையைப் பலகையில் அமைத்து, உங்கள் மட்டத்து நண்பர் ஒருவருடன் ஆளுக்கு 10 நிமிடம் வைத்து, குதிரைகளை மாற்றிக்கொண்டு ஆடுங்கள்; அடுத்த முறை கறுப்புக் காய்களை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.