முன்காம்பராவுக்கு எந்தத் தொலைக்காட்சி?

கேள்வி: நாங்கள் இருப்பது பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில். முன்காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடிதான். பழைய 21 அங்குலத் தொலைக்காட்சி இனித் திருத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மாமியார் டிஷ்ஷில் நாடகம் பார்ப்பார். எங்களுக்கு இரவுச் செய்தி போதும். பிள்ளைகள் யூடியூப் வேண்டும் என்கிறார்கள். தீபாவளி முற்பணத்தோடு சீட்டுப் பணத்தையும் சேர்த்து ஒன்று வாங்க நினைக்கிறோம். கொழும்பில் வேலை செய்யும் தம்பி, வாங்குவதானால் 43 அங்குல ஸ்மார்ட் டிவியாக வாங்கு என்கிறான். சிக்கல் இல்லாத எளிய ஒன்று போதும் என்பது என் எண்ணம். எதை வாங்கலாம்?
– ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: 32 அங்குலம் வாங்குங்கள், சகோதரி. தம்பி பாசத்தோடுதான் சொல்கிறார். ஆனால் காட்சியறையில் அவர் பார்த்த படம் உங்கள் காம்பராவுக்கு வராது. அங்கே ஓடவிடுவது நிறுவனமே தயாரித்துக் கொடுத்த மிகத் துல்லியமான காட்சி. உங்கள் வீட்டு டிஷ் பெட்டி பழையதாக இருந்தால், அது தருவது சாதாரணத் தரப் படம்தான். 21 அங்குலத்தில் அது தெளிவாகத் தெரிந்திருக்கும். அதையே 43 அங்குலத்துக்கு விரித்தால் முகங்கள் கலங்கும், செய்தியின் அடியில் ஓடும் எழுத்துகள் மங்கும். புதுத் தொலைக்காட்சி பழுதோ என்று நீங்கள் சந்தேகப்படுவீர்கள். தொலைக்காட்சியில் குறை இருக்காது. சிறிய படத்தைப் பெரிய திரையில் இழுத்து விரித்ததால் வந்த குறை அது.

அளவையும் நாடா வைத்துப் பாருங்கள். திரையின் அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை எடுப்பது. 32 அங்குலத் திரை அகலத்தில் ஏறத்தாழ 71 சென்டிமீற்றர், உயரத்தில் 40 சென்டிமீற்றர். உங்கள் பழைய 21 அங்குலத் திரையின் உயரம் சுமார் 32 சென்டிமீற்றர். ஆகவே 32 அங்குலம் வந்தாலே மாமியாருக்கு முகங்கள் முன்பைவிடப் பெரிதாகத் தெரியும். 24 அங்குலத்தை மலிவென்று காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதன் உயரம் 30 சென்டிமீற்றர்தான். எண்ணில் கூடியிருந்தாலும் உங்கள் பழைய திரையைவிட அது உயரம் குறைந்தது. 43 அங்குலமோ மூன்றடிக்கு மேல் அகலம். கட்டிலும் அலுமாரியும் போக மீதமுள்ள இடத்தில் ஆறடி தள்ளி உட்கார்ந்து பார்க்க 32 அங்குலம் சரியான அளவு. பின்னொரு நாள் தனி வீடு கட்டிப் போனாலும் அது படுக்கையறைக்கு உதவும்.

கடைக்குப் புறப்படுமுன் டிஷ் பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று வட்டத் துளைகள் மட்டும் இருக்கின்றனவா, அல்லது தட்டையான எச்.டி.எம்.ஐ. துளையும் இருக்கிறதா? தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் காட்டுங்கள். இப்போது வரும் பல தொலைக்காட்சிகளில் அந்த மூன்று துளைகளும் இல்லை. அவற்றுக்குப் பதில் ஒரேயொரு சிறு துளையும் அதற்கென ஓர் இணைப்பு வயரும் இருக்கும். சிலவற்றில் அதுவும் கிடையாது. வயர் தொலைக்காட்சியின் அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்த்துவிடுங்கள். பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்கு ஒரு வயருக்காக மறுபடி பஸ் ஏறுவது வீண் அலைச்சல்.

அடுத்தது சத்தம். இதைப் பலர் கேட்டுப் பார்ப்பதே இல்லை. புதிய தொலைக்காட்சிகள் மெலிந்துபோனதால் ஒலிபெருக்கிகளும் சிறுத்து, கீழ்நோக்கியோ பின்நோக்கியோ போய்விட்டன. தென்மேற்குப் பருவ மழை தகரக் கூரையில் இறங்கும் மாதங்களில் உங்கள் வீட்டில் வசனம் கேட்க வேண்டும். ஆகையால் கடையில் பாட்டைப் போடச் சொல்லாதீர்கள், பாட்டு எதிலும் நன்றாகத்தான் கேட்கும். செய்தி வாசிப்பைப் போடச் சொல்லி, பத்தடி தள்ளி நின்று, சொற்கள் பிரிந்து கேட்கின்றனவா என்று கவனியுங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போக முடிந்தால் இன்னும் நல்லது. அதிகம் பார்க்கப்போகிறவர் அவர்தானே. கடும் மழையில் டிஷ் படம் கட்டம் கட்டமாக உடைவது வேறு விஷயம். மழைத்துளிகள் செய்மதி அலையைத் தடுப்பதால் அப்படி நடக்கும். எந்த விலைத் தொலைக்காட்சியும் அதைச் சரிசெய்யாது.

இனிப் பிள்ளைகளின் யூடியூப். உங்கள் லயத்தில் கைத்தொலைபேசி இணையம் எப்படி இருக்கிறது என்பதே இங்கே முதல் கேள்வி. சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரம் யூடியூப் பார்த்தாலே ஏறத்தாழ அரை ஜிகாபைட் டேட்டா போய்விடும். மிகத் தெளிவான படமென்றால் ஒன்றரை ஜிகாபைட்டும் அதற்கு மேலும் போகலாம். பெரிய திரை கிடைத்ததும் பிள்ளைகள் தெளிவான படத்தைத்தான் தேடுவார்கள். மாதா மாதம் அந்தச் செலவு தாங்கும் என்றால் மட்டும் ஸ்மார்ட் டிவியைப் பாருங்கள். தாங்காது என்றால், எச்.டி.எம்.ஐ., யூ.எஸ்.பி. துளைகள் உள்ள சாதாரண எல்.இ.டி. தொலைக்காட்சியே போதும். பின்னால் வசதி வரும்போது, அதில் செருகும் சிறு ஸ்டிக் ஒன்றை வாங்கி அதையே ஸ்மார்ட் ஆக்கிக்கொள்ளலாம். நான் இந்த வழியையே விரும்புகிறேன். மலிவான ஸ்மார்ட் டிவிக்குள் இருக்கும் மென்பொருள் சில ஆண்டுகளிலேயே பழசாகிவிடுகிறது. திரை நன்றாக இருக்கும்போதே செயலிகள் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. ஸ்டிக் பழசானால் ஸ்டிக்கை மட்டும் மாற்றினால் போதும்.

மின்கட்டணத்தையும் ஒரு நிமிடம் பார்ப்போம். 32 அங்குல எல்.இ.டி. சுமார் 45 வொட் எடுக்கிறது என்று வைத்தால், நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மாதம் ஏழு அலகுக்குள் முடியும். 43 அங்குலம் 80 வொட் எடுத்தால் பன்னிரண்டு அலகு. ஐந்து அலகுதானே என்று தோன்றும். ஆனால் மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் நம் வீட்டுக் கட்டண முறையே மாறி, முதல் அலகிலிருந்தே விலை கூடுகிறது. உங்கள் பட்டியல் 50, 55 என்று வருவதானால் இந்த ஐந்து அலகு முக்கியம்.

விற்பனைப் பெயர்களைக் கண்டு மலைக்க வேண்டாம். 32 அங்குலத்தில் 4கே என்னும் மிக நுண்ணிய படத்தரம் தேவையே இல்லை. எல்.இ.டி. என்பதெல்லாம் எல்.சி.டி. திரைக்குப் பின்னால் எரியும் விளக்கைக் குறிப்பது. பல வேளைகளில் முதலில் பழுதாகும் உறுப்பு அந்த விளக்குதான். வாங்கி வந்ததும் வெளிச்ச அளவை முழுவதிலிருந்து பாதிக்குச் சற்று மேலாகக் குறைத்து வையுங்கள். கண்ணுக்கும் இதம், விளக்கும் நீடிக்கும். நீங்கள் பார்க்கும் நிறுவனத்துக்குத் திருத்துமிடம் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ இருக்கிறதா என்று கேட்டு, இருப்பதையே வாங்குங்கள். நல்ல நிறுவனமானாலும் திருத்தக் கண்டிக்கு அனுப்ப வேண்டுமென்றால், கொண்டுபோய்க் கொண்டுவரும் செலவும் ஒரு நாள் பேர் (அன்றைய சம்பளம்) இழப்பும் உங்களுடையது.

கேள்வி: சித்திரை மாத இடி மின்னலில் எங்கள் தொலைக்காட்சி எரிந்துவிட்டது. வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. உத்தரவாதம் இதற்குச் செல்லாது என்கிறார்கள். புதிதாக வாங்கினால் ஸ்டெபிலைசரும் சேர்த்து வாங்கினால் காப்பாற்றுமா?
– ஒரு வாசகர், பண்டாரவளை

பதில்: காப்பாற்றாது, ஐயா. மின்னழுத்தம் மெல்ல ஏறி இறங்குவதைச் சமன்செய்வதே ஸ்டெபிலைசரின் வேலை. மின்னல் கண்ணிமைக்கும் நேரத்தில் அதைத் தாண்டிப் போய்விடும். தொலைக்காட்சியின் பின்புற ஒட்டியைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்தால், அழுத்தம் குறைவதைத் தொலைக்காட்சியே சமாளித்துக்கொள்ளும். அதற்கு ஸ்டெபிலைசர் வாங்குவது வீண் செலவு.

மின்னலுக்கு உறுதியான காப்பு ஒன்றுதான்: கழற்றி வைப்பது. மார்ச், ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி கூடும் என்பது மலைநாட்டில் நமக்குத் தெரிந்ததே. மேகம் கறுக்கத் தொடங்கும்போதே பிளக்கை இழுத்துவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. அத்தோடு டிஷ் வயரையும் அன்டெனா வயரையும் கழற்றுங்கள். பிளக்கை இழுத்துவிட்டு டிஷ் வயரை அப்படியே விடுவதால் எரிந்துபோகும் தொலைக்காட்சிகள் ஏராளம். கூரைக்கு மேலே நிற்கும் உலோகத்திலிருந்து நேரே உள்ளே வரும் வழி அது. ஆனால் இடி தலைக்கு மேல் வந்துவிட்ட பின் எதையும் தொட வேண்டாம். தொலைக்காட்சியைவிட உயிர் பெரிது. நீங்கள் வேலைக்குப் போகும் நாட்களில் காலையிலேயே கழற்றி வைத்துவிடலாம். மின்னழுத்தப் பாய்ச்சலைத் தடுக்கும் பிளக் பலகை ஓரளவு உதவும், ஆனால் வீட்டில் எர்த் கம்பி ஒழுங்காக இருந்தால்தான். ட்ரிப் சுவிட்ச் மனிதருக்கு மின்சாரம் தாக்காமல் காப்பதற்கு. தொலைக்காட்சியை மின்னலிலிருந்து அது காக்காது.

உத்தரவாதம் பற்றி: மின்னலையும் மின்னழுத்தப் பாய்ச்சலையும் விலக்குவதாகப் பெரும்பாலான அட்டைகளில் எழுதியிருக்கிறார்கள். உங்கள் அட்டையிலும் அப்படி இருந்தால் வழி குறைவு. ஆனால் வாய்ச்சொல்லோடு விட்டுவிடாதீர்கள். எந்தப் பாகம் எரிந்தது, மின்னல்தான் காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். சாதாரணப் பழுதையும் மின்னல் தலையில் கட்டிவிடுவது நடக்கிறது. பவர் போர்ட் மட்டும் போயிருந்தால் திருத்தும் செலவு தாங்கக்கூடியதே. திரையே போயிருந்தால் மட்டும் புதிதாக வாங்க யோசியுங்கள்.

கேள்வி: தவணைக்கு எடுப்பதா, காசு சேர்த்து எடுப்பதா? கடைக்காரர் மாதத் தொகையை மட்டுமே சொல்கிறார்.
– ஒரு வாசகர், தலவாக்கலை

பதில்: மாதத் தொகையை மட்டும் கேட்டு ஒருபோதும் கையெழுத்து வைக்காதீர்கள். ஓர் உதாரணம்: ரொக்க விலை 60,000 ரூபா. முதலில் 12,000 கட்டி, பிறகு மாதம் 5,200 வீதம் பன்னிரண்டு மாதம் என்றால் மொத்தம் 74,400 ரூபா. கடனாக எடுத்தது 48,000, அதற்குக் கூடுதலாகக் கட்டுவது 14,400. மாதத் தொகையை மட்டும் கேட்டால் இந்த 14,400 கண்ணுக்கே தெரியாது. ரொக்க விலை, மொத்தத் தொகை, ஒரு மாதம் பிந்தினால் என்ன தண்டம், முன்கூட்டியே கட்டி முடித்தால் என்ன கழிவு என்பவற்றை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தீபாவளி முற்பணமும் மாதா மாதம் சம்பளத்தில் கழிபடுகிறது என்பதை மறக்க வேண்டாம். அதை முதல் தொகையாகக் கட்டிவிட்டுத் தவணையும் எடுத்தால், ஒரே சம்பளத்திலிருந்து இரண்டு பிடித்தம் போகும். வேலை நாள் குறையும் மாதத்தில் அது அரிசியில்தான் கை வைக்கும். நான்கைந்து மாதம் பொறுக்க முடியுமானால் சீட்டுப் பணம் வந்ததும் ரொக்கமாக எடுங்கள். சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் கழிவும் கிடைக்கும்.

எப்படி எடுத்தாலும் பற்றுச்சீட்டில் மாதிரி எண்ணும் தொடர் இலக்கமும் இருக்க வேண்டும், உத்தரவாத அட்டையில் திகதியோடு கடை முத்திரை இருக்க வேண்டும். பற்றுச்சீட்டு வெப்பத்தில் அச்சாகும் வழவழப்பான தாளென்றால் எழுத்து சீக்கிரம் மறைந்துபோகும், அன்றே பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கடை ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மாவட்டச் செயலகத்திலேயே அவர்களுடைய அலுவலகம் இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. சிங்களத்தில் எழுதத் தெரியவில்லையே என்று தயங்கி உரிமையை விட்டவர்களை நினைத்தால் எனக்கு மனம் வலிக்கிறது.

கேள்வி: ‘டிஜிட்டல் ரெடி’ என்று பெட்டியில் போட்டிருப்பதற்குக் கூடுதல் விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா? நாங்கள் அன்டெனாவில்தான் பார்க்கிறோம்.
– ஒரு வாசகி, வெலிமடை

பதில்: கொடுக்க வேண்டாம். தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்புக்கு ஐ.எஸ்.டி.பி.-டி என்னும் ஜப்பானிய முறையை இலங்கை 2014இல் தெரிவுசெய்தது. பெட்டியில் பொதுவாகப் போட்டிருப்பது டி.வி.பி.-டி2 என்னும் ஐரோப்பிய முறை. இரண்டும் ஒன்றல்ல. டிஜிட்டல் உங்கள் ஊருக்கு வரும்போது சிறு பெட்டியொன்றைப் பொருத்திக்கொள்ளலாம். சக்தி, வசந்தம் ஆகிய தமிழ் அலைவரிசைகள் நிழல் விழுந்து தெரிகின்றன என்றால் அன்டெனாவின் திசையையும் உயரத்தையும் பாருங்கள். இடையில் மலை மறித்தால் புதுத் தொலைக்காட்சி வாங்கியும் பயனில்லை.

கேள்வி: பனிக்காலத்தில் சுவர் முழுக்க ஈரம். தொலைக்காட்சியைச் சுவரில் மாட்டலாமா?
– ஒரு வாசகர், கந்தப்பளை

பதில்: வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், உட்சுவரில் மாட்டலாம். பழைய கருங்கல் சுவரின் சுண்ணாம்புப் பூச்சு ஆணியைப் பிடித்துக்கொள்ளாது. கல் வரை துளைத்து நீண்ட போல்ட் போடத் தெரிந்தவரை அழையுங்கள். மேசையில் வைப்பதானால் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். இரண்டு கால்களும் ஓரங்களில் இருப்பதால் மேசை அகலமாக இருக்க வேண்டும், சின்னப் பிள்ளைகள் இழுத்தால் விழாதபடி பின்னால் கட்டியும் விடுங்கள். விறகடுப்புப் புகை வரும் பக்கம் வேண்டாம். துணியால் மூடுவதானால் அணைத்துச் சூடு ஆறிய பிறகு மூடுங்கள், போடுமுன் முழுவதும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கட்டாரில் இருக்கும் மகன் அங்கிருந்தே ஒன்று கொண்டுவரட்டுமா என்கிறான்.
– ஒரு தாய், பதுளை

பதில்: வேண்டாம், அம்மா. மின்சாரம் ஒத்துவரும், ஆனால் அங்கே தரும் உத்தரவாதத்தை இங்குள்ள கடைகள் பொதுவாக ஏற்பதில்லை. அதே மாதிரி இங்கே விற்பனைக்கு இல்லாவிட்டால் உதிரிப்பாகமும் கிடைக்காது. பயணத்தில் திரை வெடித்தால் கேட்க ஆளில்லை, விமான நிலையத்தில் தீர்வையும் வரலாம். அந்தப் பணத்தை அனுப்பச் சொல்லி, பதுளையிலேயே வாங்கி, கடைக்காரர் முன்னிலையில் போட்டுப் பார்த்து எடுத்து வாருங்கள்.