ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதென்றால்...

கேள்வி: ஏழெட்டு மாதமாக பௌத்த நூல்களைப் படித்துவருகிறேன். நான்கு உண்மைகள், எட்டு வழிகள், ஐந்து கந்தங்கள், பன்னிரண்டு சார்புகள் என்று எண்களாகவே வருகின்றன. படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உட்கார்ந்து தியானம் செய்ய நேரமே கிடையாது. இத்தனை போதனைகளில் மிக முக்கியமானது எது? ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். இன்னொன்றும் மனதை அரிக்கிறது. ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்றால், அம்மா எழுந்து நடக்க வேண்டும் என்று நான் நினைப்பதும் தப்பா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் முதல் கேள்வி மிகப் பழையது. புத்தர் வாழ்ந்த காலத்திலேயே ராஜகிருக நகரத்தில் ஒருவர் அதைக் கேட்டிருக்கிறார். அவர் பெயர் உபதிஸ்ஸர். வேறொரு குருவிடம் இருந்தவர். பிச்சை ஏந்தி வந்த ஒரு துறவியின் நிதானமான நடையும் தாழ்ந்த பார்வையும் அவரை நிறுத்திவிட்டன. பிச்சை எடுக்கும் நேரத்தில் கேள்வி கேட்பது முறையில்லை என்று, துறவி முடிக்கும்வரை பின்னாலேயே போனார். அப்புறம் கேட்டார்: உங்கள் ஆசிரியர் என்ன போதிக்கிறார்?

அந்தத் துறவி அஸ்ஸஜி, புத்தரின் முதல் ஐந்து சீடர்களில் ஒருவர். 'நான் துறவியாகி அதிக நாள் ஆகவில்லை, விரிவாகச் சொல்ல வராது' என்றார். உபதிஸ்ஸர் விடவில்லை. 'கொஞ்சமோ நிறையவோ, சாரத்தை மட்டும் சொல்லுங்கள். நிறைய வார்த்தைகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்?' என்றார்.

அஸ்ஸஜி சொன்னது இவ்வளவுதான்: காரணத்திலிருந்து எவை தோன்றுகின்றனவோ, அவற்றின் காரணத்தைப் புத்தர் சொல்லியிருக்கிறார். அவை ஓய்வதையும் சொல்லியிருக்கிறார்.

கேட்டவருக்கு அங்கேயே கண் திறந்தது. அவர்தான் பிற்பாடு சாரிபுத்தர் என்று பெயர் பெற்ற தலைமைச் சீடர். அந்த வாசகத்தைக் களிமண் வில்லைகளில் முத்திரையாகப் பதித்து, ஸ்தூபங்களுக்குள் வைக்கும் வழக்கம் பல நூற்றாண்டுகள் இருந்தது. நாளந்தாவில் மட்டுமல்ல, ஆசியாவின் பல நாடுகளில் மண்ணைத் தோண்டும்போது அது கிடைத்திருக்கிறது. ஒரு மதத்தின் சாரம் எது என்று அதைப் பின்பற்றியவர்களே கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போனதுபோல எனக்குத் தோன்றும்.

என் பதிலும் அதுதான். எதுவும் காரணமில்லாமல் வருவதில்லை. காரணம் ஓய்ந்தால் அதுவும் ஓயும்.

மற்றவர்கள் வேறு சொல்வார்கள். தாய்லாந்தின் புத்ததாச பிக்கு, 'எதுவும் பற்றிக்கொள்ளத் தக்கதல்ல' என்ற புத்தரின் வாக்கைத்தான் மொத்தப் போதனையின் சுருக்கமாகச் சொன்னார். தீமை செய்யாதிரு, நன்மை செய், மனதைத் தூய்மையாக்கு என்ற தம்மபத வரியைச் சொல்பவர்கள் நிறைய. எதற்கும் தனித்து நிற்கும் இயல்பு இல்லை என்ற சூனியத்தை முன்வைக்கும் பௌத்த தத்துவஞானி நாகார்ஜுனரோ, சார்ந்து தோன்றுவதையே சூனியம் என்கிறோம் என்று எழுதினார். எந்த வாசலில் நுழைந்தாலும் ஒரே வீட்டுக்குள்தான் வந்து சேர்வீர்கள் என்று நம்புகிறேன்.

சரி, அம்மாவின் கட்டில் பக்கத்தில் இது எதற்கு உதவும்?

பன்னிரண்டு சார்புகள் என்றீர்களே, ஒன்றைச் சார்ந்து இன்னொன்றாகத் துன்பம் எப்படிப் பிறக்கிறது என்று காட்டும் சங்கிலி, அதில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மணிமேகலை அவற்றை நுகர்வு, வேட்கை, பற்று என்று அழகான தமிழில் சொல்கிறது. ஒன்று நம்மைத் தொடுகிறது. அது இனிமையாகவோ வலியாகவோ இரண்டுமில்லாமலோ இருக்கிறது. அதுதான் நுகர்வு. இது வேண்டும், இது கூடாது என்று தவிப்பது வேட்கை. அதையே இறுக்கிப் பிடித்துக்கொள்வது பற்று. நுகர்வு நம் கையில் இல்லை. அதற்கும் வேட்கைக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. நமக்கு வேலை அங்கேதான்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். உறவில் ஒருவர் தொலைபேசியில் என் மனம் நோக ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அழைப்பு அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. அன்று ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மனதுக்குள் அவரோடு சண்டை. நான் ஒன்று சொல்கிறேன், அவர் ஒன்று சொல்கிறார், நான் ஜெயிக்கிறேன், மறுபடி முதலிலிருந்து. திடீரென்று கையைப் பார்த்தேன். எப்போதோ சுத்தமாகிவிட்ட பாத்திரத்தின் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், விரல் நுனி சிவந்திருந்தது. அவர் சொன்னது ஒரு தடவை. நான் எனக்கே அதை நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அம்பு பட்டவன் மேல் இரண்டாவது அம்பும் பாய்வதைப் போல என்று புத்தர் சொன்னது அன்றைக்குத்தான் புரிந்தது. முதல் அம்பு உடம்பின் வலி. இரண்டாவது, அதன்மேல் மனம் படும் பாடு. கோபம் அன்றே போய்விடவில்லை. ஆனால் அதை எது ஊட்டி வளர்க்கிறது என்று தெரிந்துவிட்டது, குழாயை மூடிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

இதற்கு உட்கார்ந்து தியானம் செய்ய நேரம் வேண்டும் என்பதில்லை. நேரம் கிடைத்தால் நல்லது, அவ்வளவுதான்.

இப்போது இரண்டாவது கேள்வி. 'ஆசை' என்ற சொல் உங்களைத் தேவையில்லாமல் குற்றவாளியாக்கியிருக்கிறது. பாலி மொழியில் அங்கே இருக்கும் சொல் தண்ஹா. நேர்ப் பொருள் தாகம். நீர்வேட்கை என்கிறோமே, அந்த வேட்கை. ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும் என்ற விருப்பத்துக்குச் பாலியில் சந்தம் என்று வேறு சொல்லும் உண்டு. விருப்பத்தைக் கொண்டே விருப்பத்தை எப்படி ஒழிப்பது என்று ஒரு பிராமணர் புத்தரின் அணுக்கச் சீடரான ஆனந்தரிடம் கேட்டார். 'இந்தத் தோப்புக்கு வர வேண்டும் என்ற விருப்பம் உங்களுக்கு முதலில் இருந்தது அல்லவா? வந்து சேர்ந்ததும் அது அடங்கிவிட்டது அல்லவா?' என்று ஆனந்தர் திருப்பிக் கேட்டார்.

அம்மா நடக்க வேண்டும் என்று விரும்பி, மருந்தை வேளை தவறாமல் கொடுத்து, கால்களை நீவிவிடுகிறீர்களே, அதில் ஒரு தப்பும் இல்லை. 'இன்னும் நடக்கவில்லையே, நான் சரியாகக் கவனிக்கவில்லையோ' என்று நடுராத்திரியில் உங்களையே குத்திக்கொள்கிறீர்கள் பாருங்கள், தாகம் அதுதான். அது எழும்போது விரட்ட வேண்டாம். எதிலிருந்து வந்தது என்று மட்டும் பாருங்கள். பல நேரம் வெறும் தூக்கமின்மையாக இருக்கும். அப்படியென்றால் யாரையாவது உட்காரவைத்துவிட்டு இரண்டு மணி நேரம் தூங்குங்கள். அதுவும் காரணத்தை ஓயவைப்பதுதான்.

தியானத்துக்கு நேரமில்லை என்று வருந்தியிருந்தீர்கள். வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த ஒரு துறவியைப் புத்தர் பார்த்தார். அவரால் மற்றவர்களுக்குப் பயனில்லை என்று யாரும் கவனிக்கவில்லை. 'எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர், நோயாளிக்குச் செய்யட்டும்' என்று மற்றத் துறவிகளிடம் அவர் சொன்னது அன்றைக்குத்தான். ஆனால் சொல்வதற்கு முன்பே, ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவினார். பிறகு புத்தர் தலைப்பக்கமும் ஆனந்தர் கால்பக்கமும் பிடித்துத் தூக்கி, அந்தத் துறவியைக் கட்டிலில் கிடத்தினார்கள்.